செலவும் சிறப்பும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் யாதானும் ஓர் இலக்கியப் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். தமிழாசிரியன் ஒருவன் மேடை ஏறினால் கம்பரைப் பற்றியோ இளங்கோவடிகளைப் பற்றியோ பேசுவான் என எதிர்பார்த்தல் இயல்பே. ஆயினும் யாம் இன்று பேச எடுத்துக்கொண்டது பணத்தைப் பற்றி. 'பண்டிதருக்கும் பணத்துக்கும் என்ன உறவு?' என நகைப்பாரும் இருக்கலாம். அவ்வுறவு மிகக் குறைவாயிருத்தலே அதனைப் பற்றி யாம் நெடிது எண்ண நேர்ந்ததற்குக் காரணம். உடையவன் ஒருமுறை எண்ணுவதை இல்லாதவன் நூறு முறை எண்ணுவான் அன்றோ?

நம் கூட்டங்களிற் கல்வியைப் பற்றிப் பேசுகிறோம். ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறோம். முன்னோர் பெருமையை மிகுதியாகவே பேசுகிறோம். கடனைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் இங்கு அமர்ந்திருக்கும் குடும்பங்களுட் பலவற்றின் உறக்கத்தைக் கெடுத்து வருவது அதுவே என்பதை யாம் அறிவோம். நோயை மறைத்தவனுக்கு மருத்துவன் உதவ இயலாது. கடனை மறைத்தவனுக்குச் சுற்றத்தாரும் உதவ இயலாது. ஆதலின் இன்று அதனை வெளிப்படையாகப் பேசுதல் நலம் எனத் துணிந்தோம்.

பொருளைப் பழித்தல் தமிழர் மரபன்று. திருக்குறளின் 133 அதிகாரங்களுள் 70 பொருட்பாலைச் சார்ந்தவை. பொருள் செயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவனார், நன்றியில் செல்வம் எனப் பிறிதோர் அதிகாரமும் வகுத்தார். ஈட்டுக என்று கூறிய வாயே, பயன்படாத செல்வம் பாழ் என்றும் கூறிற்று. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி ஒன்றின் உண்மை விளங்காது.

எம் தெருவில் முன்னர் ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் வாழ்ந்தார். பாங்கியில் அவர்க்கிருந்த தொகை சிறிதன்று. கண்ணிற் புரை வளர்ந்து பார்வை மங்கியபோதும், அறுவைச் சிகிச்சைக்குச் செலவாகும் என்று அஞ்சி ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட்டார். ஒருநாள் மாலை வாயிற்படி தெரியாமல் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கண்ணுக்குச் செலவிட அஞ்சியதைப் போற் பன்மடங்கு இடுப்புக்குச் செலவாயிற்று. அவர் பொருளைக் காத்தார் என்பதா? பொருளுக்குக் காவலாளாய் இருந்தார் என்பதே பொருந்தும். ஆகவே, செலவைக் குறைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிப் போக யாம் இங்கு வரவில்லை. செலவிட வேண்டிய இடத்தில் அஞ்சுதலும் நோயே. வேண்டாத இடத்தில் அஞ்சாமையும் நோயே. நம்மவரிடையே பெரிதும் பரவியிருப்பது பின்னது. அதனால் அதனைப் பற்றியே மிகுதியும் பேசுவோம்.

அறிவுரை கூறுவோன் தன் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்ளுதல் முறை. எம் இல்லத்தில் நடந்த ஒன்றைக் கூறுவோம். இல்லாளின் இசைவு பெற்றே கூறுகிறோம்.

2018-ஆம் ஆண்டு தை மாதத்தில் எம் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தினோம். 'வீட்டு வாயிலிற் பந்தலிட்டு, நெருங்கிய உறவினர் நூற்றுவரை அழைத்துச் செய்தாற் போதும்' என்றார் எம் இல்லாள். கையில் 1,80,000 ரூபாய் சேமிப்பு இருந்தது. அவர் கூறிய முறைக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் எம் பங்காளி ஒருவர் அதற்கு முந்திய ஆவணியில் மண்டபம் பிடித்து நடத்தியிருந்தார். 'ஆசிரியர் வீட்டு விழா அதனினும் குறைந்தால் ஊர் என்ன சொல்லும்?' என்று சுற்றத்தார் கேட்டனர். மெய்யாகக் கூறின், அவர்கள் கேட்குமுன்பே எம் உள்ளம் அதனைக் கேட்டுவிட்டது. மூன்று இலட்சம் ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினோம். மண்டபம், அறுநூறு பேருக்கு விருந்து, மேளம், ஒளிப்படம், தெரு முனையில் மகளின் முகம் அச்சிட்ட பெரிய பதாகை என ஒவ்வொன்றாக வளர்ந்து, கையிருப்பும் கடனும் தீர்ந்த பின்னரும் 1,10,000 ரூபாய் பாக்கி நின்றது. மொய்யாக வந்தது 1,85,000. பாக்கி தீர்த்தது போக எஞ்சிய 75,000 ரூபாயைக் கடனிற் கட்டினோம். முதல் 2,25,000 நின்றது. மாத வட்டி 6,750.

இருபத்து நான்கு மாதம் வட்டி மட்டுமே கட்டினோம். கட்டிய வட்டி 1,62,000 ரூபாய். முதலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அவ்விரண்டு ஆண்டும் யாம் வகுப்பறையில் நின்றுகொண்டு புறநானூறு நடத்தினோம். உள்ளமோ ஐந்தாம் தேதியை எண்ணிக்கொண்டிருந்தது. இறுதியில் இல்லாள் தம் நகைகளைக் கழற்றி எம் முன் வைத்து, 'இவற்றைக் கூட்டுறவுப் பாங்கியில் அடகு வைத்து அந்தக் கடனை முடித்து வாருங்கள்' என்றார். அன்று மாலை எம் மகள் அம்மையின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். எம்மிடம் வந்து, 'அப்பா, என் விழாவினாலா அம்மாவின் சங்கிலி போயிற்று?' என்று கேட்டாள்.

நண்பர்களே, இலக்கணத்தில் எவ்வினாவுக்கும் விடை கூறவல்லேம் என்று இறுமாந்திருந்த எமக்கு அவ்வினாவுக்கு விடை கூற இயலவில்லை. குழந்தையின் சிறப்புக்கென்று செய்த செலவு, அக்குழந்தையின் உள்ளத்தில் குற்ற உணர்வாய் வந்து நின்றது. பதாகை என்னாயிற்று தெரியுமா? அண்டை வீட்டார் தம் ஆட்டுக் கொட்டிலின் மேல் அதனைக் கூரையாகப் போட்டிருந்தனர். மழை ஒழுகாமல் நல்ல பயன் தந்தது. விழாச் செலவில் நெடுநாள் பயன்பட்டது அஃதொன்றே என எம் இல்லாள் இன்றும் கூறுவதுண்டு.

நகைகளை ஆண்டுதோறும் வட்டி கட்டித் திருப்பி வைத்து, முதலைச் சிறுகச் சிறுகக் குறைத்து, 2024-ஆம் ஆண்டில் மீட்டோம். ஒருநாட் சிறப்புக்கு ஆறாண்டு விலை.

இனி, இத்தகைய துன்பம் எதனால் விளைகிறது என்று ஆராய்வோம்.

முதற் காரணம், செலவையும் சிறப்பையும் ஒன்றென மயங்குதல். பொருள் உள்ளவன் சிறப்பாகச் செய்கிறான். அதனைக் கண்டவன், சிறப்பாகச் செய்தாற் பொருள் உள்ளவன் எனக் கருதப்படுவோம் என்று எண்ணுகிறான். காரணத்தைக் காரியமாகவும் காரியத்தைக் காரணமாகவும் மாற்றி உணர்தல் இது. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் குமணனிடம் பெற்ற பரிசிலைத் தம் மனைவியிடம் கொடுத்து, இன்னார்க்கு என்று பாராமல் எல்லார்க்கும் கொடுக்கச் சொன்னார் என்பது புறநானூற்றின் 163-ஆம் பாட்டால் விளங்கும். அவரும் வறியவரே, ஆனால் அவர் செலவிட்டது பசித்தவர்க்கு. நாம் செலவிடுவதோ வயிறு நிறைந்தவர்க்கு. அதுவும் அவர் கண் வியத்தற்கு. அது கொடை, இது காட்சி. கொடைக்கும் காட்சிக்கும் உள்ள வேற்றுமையை நாம் மறந்தோம்.

இரண்டாங் காரணம், வட்டியின் கணக்கை அறியாமை. 'மூன்று வட்டி' என்று சொல்லும்போது அது சிறிய எண்ணாகத் தோன்றுகிறது. மாதம் மூன்றாயின் ஆண்டுக்கு முப்பத்தாறு என்று நாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்லை. 'பத்து வட்டி' என்பது ஆண்டுக்கு நூற்றிருபது. தண்டற் கடனை நோக்குங்கள். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்பர். 1,500 ரூபாயை முன்பே பிடித்துக்கொண்டு 8,500 கையிற் கொடுப்பர். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று வாங்குவோன் எண்ணுகிறான். நாள்தோறும் கட்டிக்கொண்டே வருதலால், சராசரியாக அவன் கையில் நின்றது பாதித் தொகையே. அதுவும் மூன்று மாதத்துக்குச் சற்று மேற்பட்ட காலமே. ஆண்டுக் கணக்கிற் பார்ப்பின் நூற்றுக்கு நூறையும் கடந்துவிடும். கந்து வட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிற் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பெற்றது. கைப்பேசிச் செயலிகளின் வழியே கடன் கொடுப்போர் மொத்த ஆண்டு வட்டியை முன்னரே எழுத்திற் காட்டவேண்டும் என ரிசர்வ் பாங்கி 2022-இல் விதித்தது. சட்டம் வேலியே ஆகும். வேலியைத் தாண்டிக் குதிப்பவனை அது என் செய்யும்? கணக்கறிந்தவனுக்கே சட்டம் துணை.

மூன்றாங் காரணம், பணம் கண்ணுக்குத் தெரியாமற் போதல். முன்னர் முடிச்சை அவிழ்த்து, நாணயத்தை எண்ணிக் கொடுக்கும்போது கைக்கு ஒரு வலி இருந்தது. 2016-ஆம் ஆண்டிற் கைப்பேசி வழியே உடனுக்குடன் பணம் அனுப்பும் முறை வந்தபின் அவ்வலி மறைந்தது. அம்முறை பெரிதும் நன்மையானதே. சில்லறைக்கு அலையும் துன்பம் ஒழிந்தது. ஆயினும் ஒரு நாளிற் பத்துமுறை சிறு சிறு தொகையாகப் போவதை இரவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாலன்றி, மாத முடிவில் 'பணம் எங்கே போயிற்று?' என்று வியக்கவேண்டியதுதான்.

நான்காவது, மொய். இதனை யாம் முற்றும் பழிக்கமாட்டோம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கத்திலும் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கத்திலும் ஆடி மாதத்தை ஒட்டி மொய் விருந்து நடத்தும் வழக்கம் உண்டு. ஊரார் ஒன்று கூடி ஒருவனுக்குத் தொகை திரட்டிக் கொடுப்பர். அவன் அதைக் கொண்டு கிணறு வெட்டலாம், கடை வைக்கலாம். பிறர் முறை வரும்போது அவன் திருப்பிச் செய்வான். வட்டியில்லாக் கூட்டுதவி அது. ஆனால் மொய்யை வருவாய் என்று எண்ணுவோன் ஏமாறுவான். மொய் நோட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு பெயரும் நாம் தீர்க்கவேண்டிய ஒரு கடன். எம் வீட்டிற்கு வந்த 1,85,000 ரூபாயும் திரும்பப் போய்க்கொண்டே இருக்கிறது. மொய்யை நம்பிக் கடன் வாங்குதல் ஒரு கடனை மற்றொரு கடனால் அடைக்க முயல்வதே.

இதற்கு மருந்து யாது? தமிழாசிரியனாகிய யாம் மருந்தைத் தமிழிலிருந்தே எடுத்துத் தருவோம்.

'செலவு' என்னும் சொல்லைப் பாருங்கள். செல் என்னும் பகுதியிற் பிறந்தது அது. பழைய நூல்களில் அதற்குப் பயணம் என்பதே பொருள். தலைவன் பொருள் தேடித் தலைவியைப் பிரிந்து பாலை நிலத்தைக் கடந்து செல்லுதல் செலவு. புறப்படுமுன் அவன் தயங்கி நிற்பதற்குச் 'செலவழுங்குதல்' என்று பெயர். அவ்வாறு அழுங்குதல் போகாமைக்கு அன்று. தலைவியின் உள்ளத்தைத் தேற்றி, அவளை ஆற்றுவித்துப் போதற்கே என்பது இலக்கண நூலார் கருத்து.

பொருள் ஈட்டப் போகும் செலவுக்கே முன்னோர் அழுங்கினர். பொருளை இழக்கும் செலவுக்கு நாம் அழுங்கவேண்டாவா? ஆகவே, சிறப்புச் செலவு எதுவாயினும் ஓர் இரவு அழுங்குக. அவ்விரவில் இல்லாளுடன் அமர்ந்து பேசுக. 'இத்தொகை எங்கிருந்து வரும்? இதனாற் பின்வாங்கப் போவது எது? பிள்ளையின் படிப்புக் கட்டணமா, அம்மையின் மருந்தா, வீட்டுக் கூரையா?' என்று இருவரும் கேட்டுக்கொள்க. அதன்பின்னும் செலவிடுதல் தக்கது என்று தோன்றின், மகிழ்ச்சியோடு செலவிடுக, பிறகு வருந்தற்க. யாம் அன்று ஓர் இரவு அழுங்கி, இல்லாள் கூறியதைக் கேட்டிருப்பின் இக்கதையை உங்கட்குக் கூற நேர்ந்திராது. வீட்டுச் செலவின் உண்மை நிலை பெண்டிர்க்கே தெரியும். அவர்களைக் கேளாமற் செலவைத் துணிதல் ஆற்றின் ஆழம் அறிந்தவனைக் கரையில் நிறுத்திவிட்டுத் தான் இறங்குதல் போலும்.

அடுத்தது, பிள்ளைகளிடம் மறையாமை. சில ஆண்டுகட்கு முன் எட்டாம் வகுப்பில், 'உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு அரிசி எவ்வளவு வேண்டும்? அதன் விலை என்ன?' என்று வினவினோம். பெரும்பாலோர் விழித்தனர். ஒரு மாணவன் மட்டும் எழுந்து, அரிசி, பருப்பு, எண்ணெய், வீட்டு வாடகை எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவன் தாயார் சந்தையிற் காய்கறிக் கடை வைத்திருப்பவர்; மாலையில் அவன் அங்கே கணக்குப் பார்ப்பான். அவன் புதிய செருப்புக் கேட்டு அழுததில்லை. ஆயினும் தன்னை வறியவன் என்று குறைவாக எண்ணியதும் இல்லை. நிலையை அறிந்த பிள்ளை நாணுவதில்லை. அறியாத பிள்ளையே ஒப்பிட்டுப் பார்த்து ஏங்குகிறது. பிள்ளையின் கையில் நோட்டைக் கொடுத்து வரவு செலவு எழுதச் செய்யுங்கள். கணக்குப் பாடமும் வரும். குடும்பப் பாடமும் வரும். எம் மகள் இன்று எம் வீட்டுக் கணக்கை எழுதுகிறாள். அவள் அன்று கேட்ட வினாவுக்கு யாம் கண்ட விடை இதுவே.

கருமித்தனம் தலைகாட்டாமைக்கும் ஒரு வழி உண்டு. நோட்டில் மூன்று பகுதி வகுக்க. அன்றாடத்துக்கு ஒன்று, பின்னாளுக்கு ஒன்று, பிறர்க்கு ஒன்று. மூன்றாவது சிறிதாயினும் ஆகுக; ஒருபோதும் வெறுமையாய் இருத்தல் ஆகாது. மாதம் ஐம்பது ரூபாயேனும் பிறர்க்கென ஒதுக்குவோன் பணத்துக்கு அடிமையாகான். அது தன் கையை விட்டுப் போவதைத் தானே விரும்பிச் செய்து பழகியவன் அவன்.

இறுதியாக, தனி ஒருவனால் இயலாதது கூட்டத்தால் இயலும் என்பதைச் சொல்லுவோம். 'ஊர் என்ன சொல்லும்?' என்னும் அச்சத்தினால் நாம் கெட்டோம். அவ்வூர் யார்? நாமே அன்றோ? நாம் சொல்லுவதை மாற்றிக்கொண்டால் ஊர் சொல்லுவதும் மாறிவிடும்.

கூட்டாகப் பொருளைக் காத்த வரலாறு நம் நாட்டில் உண்டு. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-இல் வந்தது. அவ்வாண்டே சென்னைத் திருவல்லிக்கேணியிற் கூட்டுறவுப் பண்டசாலை தோன்றிற்று. 1906-இல் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, அதனை நம்பிப் பணம் போட்ட பல்லாயிரவர் கலங்கினர்; அத்துன்பத்திலிருந்து 1907-இல் இந்தியன் பாங்கி எழுந்தது. மகமை என்று சிறுகச் சிறுகப் பொதுநிதி சேர்த்துப் பள்ளிகளை நாட்டிய நாடார் சமூகத்தார், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் பாங்கியை நிறுவினர். அதுவே பின்னர்த் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கியாயிற்று. பிற சமூகத்தாரிடம் நல்லது காணின் அதைக் கற்றுக்கொள்ளுதல் நமக்கு இழுக்கன்று. அதே வேளையில், குலத்தான் என்னும் ஒன்றையே நம்பிப் பணத்தை ஒப்படைத்தலும் ஆகாது. சீட்டுப் போடுவோர் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு பெற்ற சீட்டா என்று முதலிற் கேளுங்கள். 'நம்மவர்தானே' என்பது பதிவுச் சான்று ஆகாது.

சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோளை வைக்கிறோம். ஒன்று: நம் சங்கக் கட்டடத்தின் கூடத்தை உறுப்பினர் வீட்டுச் சிறு விழாக்களுக்குத் துப்புரவுச் செலவு மட்டும் பெற்றுக்கொண்டு கொடுத்தல். இரண்டு: விழாவுக்கெனக் கடன் வாங்காது நடத்தியோர், விரும்பின், அதனை நம் இதழில் ஒரு வரியில் வெளியிடுதல், பெருஞ்செலவைப் புகழ்ந்தெழுதும் வழக்கத்தை நிறுத்துதல். மூன்று: மாதம் ஒருமுறை, கடனில் உழலும் குடும்பத்தார் வந்து மறைவாகத் தம் கணக்கைக் காட்டி வழி கேட்க, கணக்கறிந்த பெரியோர் இருவர் சங்கத்தில் அமர்ந்திருத்தல். எம் கணக்கு நோட்டை முதலிற் காட்ட யாம் ஆயத்தமாக உள்ளோம்.

இம்மூன்றுக்கும் பெரும் பொருள் வேண்டுவதில்லை. நாணத்தைச் சிறிது விடுதலும், அன்பைச் சிறிது கூட்டுதலுமே வேண்டும். இனி இக்கூட்டம் முடிந்து வீடு செல்லும் நீங்கள், இன்றிரவே ஒரு நோட்டை எடுத்து, முதற் பக்கத்தில் தர வேண்டிய கடனையும் அதன் ஆண்டு வட்டியையும் எழுதுங்கள். எழுதும்போது கை நடுங்கும். எம் கையும் நடுங்கிற்று. எழுதி முடித்தபின் அன்றிரவு யாம் உறங்கினோம். நீங்களும் உறங்குவீர்கள்.